கோட்டம் எடுத்தல்

சைக்கிள் சக்கரம் வளைந்துவிட்டால் நம் ஊரில் என்ன செய்வோம்? கடையில் கொண்டுபோய் நிறுத்தி, "கோட்டம் எடுத்துக் கொடுங்கள்" என்போம். கடைக்காரர் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு சுண்ணாம்புக் கட்டியை விளிம்பருகே அசையாமல் பிடிப்பார். சுண்ணாம்பு எந்த இடத்தில் உரசுகிறதோ அங்கே கோட்டம் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கம்பியைச் சற்றுத் தளர்த்துவார். எதிர்ப்பக்கத்துக் கம்பியைச் சற்று இறுக்குவார். மறுபடியும் சுழற்றுவார். என் தந்தை எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் கற்ற முதல் தொழில் இதுதான்.

நம் தமிழ் விரிவுரையாளர் நடுவுநிலைமை அதிகாரத்தை நடத்தியபோது, சொல்லிலும் உள்ளத்திலும் நேரும் வளைவைக் குறிக்க வள்ளுவர் 'கோட்டம்' என்ற சொல்லை ஆள்வதையும், அவ்வளைவு இல்லாத நிலையைச் 'செப்பம்' என்பதையும் எடுத்துக் காட்டினார். வகுப்பே குறளின் பொருளில் ஆழ்ந்திருக்க, கடைசி பெஞ்சில் இருந்த எனக்குச் சைக்கிள் கடைதான் நினைவுக்கு வந்தது. செப்பனிடுதல் என்று நாம் வழங்குவதும் அந்தச் செப்பத்தின் உறவுதானே!

இந்தக் கோட்டத்தையும் செப்பத்தையும் எனக்கு உண்மையில் விளங்க வைத்தது ஒரு துப்பாக்கி. இயற்பியல் மாணவன் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறானே என்று நண்பர்கள் வியக்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

நான் நம் கல்லூரியின் தேசிய மாணவர் படையில் சேர்ந்த முதல் ஆண்டில், பயிற்சி முகாமில் ஒருநாள் சுடும் பயிற்சி நடந்தது. தூரம் 25 கெஜம். கையில் .22 துப்பாக்கி. தரையில் குப்புறப் படுத்து ஐந்து தோட்டாக்களைச் சுட வேண்டும். நடுவில் படுகிறதா என்பது பிறகு. முதலில் ஐந்தும் ஓரிடத்தில் கூட வேண்டும். அதற்குக் 'குரூப்பிங்' என்று பெயர். என் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். நான்கு துளைகள், ஒரு சாண் அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. ஐந்தாவது அட்டையிலேயே இல்லை. எங்களுக்குப் பயிற்சி தந்த ஹவில்தார் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, தோட்டம் போட்டிருக்கிறாய்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

முகாம் முடிந்து பென்னலூர் திரும்பியதும் வீட்டில் சொன்னேன்: "அப்பா, அந்தத் துப்பாக்கி சரியில்லை. கோட்டமாக இருக்கிறது."

தந்தை லேத்தில் ஒரு புஷ் கடைந்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்: "உனக்கு அப்புறம் அதே துப்பாக்கியில யாருடா சுட்டாங்க?"

"வேறு கல்லூரி மாணவி ஒருத்தி."

"அந்தப் பொண்ணுக்கு எப்படி விழுந்துச்சு?"

நான் விடை சொல்லவில்லை. ஐந்து துளைகளையும் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம் போல அந்தப் பெண் சுட்டிருந்தாள். தந்தையும் மேலே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "சரி, உள்ள அந்தத் தாழ்ப்பா எப்படி உட்காருது? வரைஞ்சு காட்டு" என்றார். தோல்வியை மறந்துவிட்டு, ஆயுதப் பயிற்சி வகுப்பில் பார்த்த படத்தைச் சாக்பீஸால் தரையில் வரைந்தேன். அன்று தொடங்கிய கேள்வி, இந்த ஓராண்டாக எங்கள் வீட்டில் வெவ்வேறு வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது.

துப்பாக்கியில் தோட்டாவை உள்ளே தள்ளி, பூட்டி, சுட்டு, வெற்றுக்கூட்டை வெளியே எறியும் பகுதிக்கு 'ஆக்‌ஷன்' என்று பெயர். அதில் முதன்மையானவை இரண்டு. ஒன்று, குழல் திருகப்பட்டிருக்கும் இரும்புக் கூடு. மற்றொன்று, அக்கூட்டுக்குள் முன்னும் பின்னும் ஓடும் 'போல்ட்'. நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போலவே அதைத் தள்ளித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். 1898ஆம் ஆண்டின் ஜெர்மானிய மௌசர் துப்பாக்கியில் போல்ட்டின் முன்பகுதியில் இரண்டு காதுகள் உண்டு. அவை கூட்டின் பள்ளங்களில் சென்று அமர்ந்து வெடிப்பின் உதையைத் தாங்குகின்றன. பிறகு வந்த வேட்டைத் துப்பாக்கிகள் பலவும் இந்த அமைப்பையே பின்பற்றின. அந்த உதை சாதாரணமானதல்ல. படைகளில் வழங்கும் 7.62 மில்லிமீட்டர் போன்ற தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60,000 பவுண்டு அழுத்தம் எழுகிறது.

இரண்டு காதுகளில் ஒன்று மட்டும் நன்றாகப் படிந்து, மற்றொன்று தலைமயிர் அளவு விலகியிருந்தால் என்ன ஆகும்? உதை ஒரு பக்கமாக விழும். போல்ட் சற்றே சாயும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சாயும் என்றும் சொல்ல முடியாது. போல்ட்டின் முகம் குழலின் அச்சுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் தோட்டா கோணலாக அமரும். குழலைத் திருகும் மரை அச்சு விலகியிருந்தால் குழலே கோணலாக நிற்கும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யும்போது இப்படிச் சிறு பிசகுகள் நேர்வது இயல்பு. வெட்டும் கருவி தேய்கிறது. இரும்பைக் காய்ச்சிக் கடினப்படுத்தும்போது அது முறுக்கிக்கொள்கிறது. 'இந்த அளவு வரை பிசகலாம்' என்று தொழிற்சாலையே ஒரு வரம்பு வைத்துக்கொள்கிறது.

இந்தப் பிசகுகளை ஒவ்வொன்றாக எடுப்பதைத்தான் அமெரிக்காவின் துப்பாக்கிக் கம்மியர்கள் ஒரு தனிக் கலையாக வளர்த்தார்கள். கூட்டின் உட்துளையை அச்சாக வைத்து லேத்தில் ஏற்றுவார்கள். டயல் கேஜ் வைத்து முள் அசையாத வரை நேர்ப்படுத்துவார்கள். பிறகு கூட்டின் முகத்தையும், காதுகள் படியும் இடத்தையும், மரையையும், போல்ட்டின் முகத்தையும் மெல்லிய சீவலாக எடுப்பார்கள். 1962இல் வந்த ரெமிங்டன் 700 என்ற துப்பாக்கி இவ்வேலைக்குப் பெயர் பெற்றது. அதன் கூடு உருண்டைக் கம்பியிலிருந்து கடைந்தது. ஆகவே தொழிற்சாலையிலும் செலவு குறைவு. பிறகு லேத்தில் பிடித்துச் சீர்செய்வதும் எளிது.

கணினியால் இயங்கும் இயந்திரங்கள் பெருகியபின் மற்றொரு வழி பிறந்தது. தொடக்கத்திலிருந்தே மிக நுணுக்கமான அளவில் செய்த கூடும் போல்ட்டும் தனியாக விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவில் பேட், டிஃபையன்ஸ், நியூசிலாந்தில் பார்னார்ட் என்று பல பட்டறைகள். அவற்றுள் பலவும் பழைய ரெமிங்டனின் வெளி அளவையே வைத்துக்கொண்டன. ஆகவே அதற்கான மரக்கட்டையும் விசையும் இதற்கும் பொருந்தும். அளவு மாறாமல் வருவதால், குழலை முன்கூட்டியே தயாரித்து அனுப்பினால்கூட நேராகத் திருகிவிடலாம்.

எது சிறந்தது? பழையதைச் சீராக்குவதா, புதிதாய் வாங்குவதா? இரு தரப்பு வாதங்களையும் படித்துப் பார்த்தேன். "கையில் இருப்பதைச் சீர்செய், பணம் மிச்சம்" என்பது ஒரு கட்சி. "சீர்செய்யும் கூலி, புதிய உறுப்புகள், காத்திருக்கும் மாதங்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார், புதியதன் விலைக்கு அருகில் வந்துவிடும். அதோடு, சீவிச் சீவி எடுத்த இரும்பு திரும்ப வருமா?" என்பது மறு கட்சி. பின்னதிலும் உண்மை இருக்கிறது. பழைய மௌசர் போன்றவற்றில் இரும்பின் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். காதுகளை அளவு மீறித் தேய்த்தால் தோல் போய் மென்மையான உள்ளிரும்பு வெளிப்பட்டுவிடும். காதுகளைத் தேய்த்தால் போல்ட் பின்னுக்கு அமரும். தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கூடும். அதைத் திருத்தாமல் விட்டால் சுடுபவருக்கே ஆபத்து. ஒரு கோட்டத்தை எடுக்கப்போய் மற்றொன்றை உண்டாக்குவது இப்படித்தான்.

இவ்விரு கட்சிக்கும் நடுவில் எனக்குப் பிடித்தவர் ஹெரால்ட் வான் என்ற அமெரிக்க அறிவியலார். சாண்டியா ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். துப்பாக்கி ஏன் குறி தவறுகிறது என்பதற்கு ஊரில் உலவிய நம்பிக்கைகளை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு காரணத்தையும் கருவி வைத்து அளந்து 1998இல் ஒரு நூல் வெளியிட்டார். குழலும் கூடும் சேரும் மரையிணைப்பு வெடிப்பின்போது அசைவதைக்கூட அவர் விடாமல் ஆராய்ந்திருக்கிறார். எந்தப் பிசகு பெரிது, எது சிறிது என்று அளந்தபின் கைவைக்க வேண்டும் என்பதே அவர் நூலிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

நம் நாட்டுக்கு வருவோம். மேற்கு வங்கத்தின் இசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை நூறாண்டுக்கு மேற்பட்டது. அங்கே பல்லாண்டுகள் வார்த்தெடுக்கப்பட்டது லீ-என்ஃபீல்டு அமைப்பு. உரிமம் பெற்றவர்கள் வாங்கும் .315 வேட்டைத் துப்பாக்கியும் அந்த அமைப்பில் பிறந்ததே. நம் திருச்சிராப்பள்ளியிலும் 1966 முதல் படைக்கலத் தொழிற்சாலை இயங்குகிறது. 2021இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, இசாப்பூரும் திருச்சியும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. ஆனால் அமெரிக்கரைப் போல் நாம் விரும்பியபடி துப்பாக்கியை லேத்தில் ஏற்ற முடியாது. 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டப்படி துப்பாக்கியைச் செய்யவும், மாற்றவும், பழுது பார்க்கவும்கூட உரிமம் வேண்டும். அது நல்லதுதான் என்பதே என் கருத்து.

லீ-என்ஃபீல்டில் நான் கண்ட ஒரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட நான்காம் எண் துப்பாக்கிக்கு, போல்ட்டின் தலை தனியே கழலும். அந்தத் தலை 0, 1, 2, 3 என்று நான்கு நீளங்களில் வந்தது. கூட்டுக்குக் கூடு அளவு மாறும் என்பதைத் தொழிற்சாலை மறைக்கவில்லை. முன்பே ஒப்புக்கொண்டு, அதை ஈடுசெய்ய எண்ணிட்ட தலைகளைத் தயாராக வைத்திருந்தது. மற்றொன்றும் கேளுங்கள். அப்போரில் பிரிட்டிஷ் படையின் பெயர்பெற்ற குறிசுடும் துப்பாக்கிகளைத் தனியாக யாரும் படைக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த சாதாரணத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து, நன்றாகக் கூடுபவற்றைப் பொறுக்கி, இலண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் பட்டறைக்கு அனுப்பித் தொலைநோக்கி பொருத்திச் செப்பனிட்டார்கள். மந்தையிலிருந்து வந்தவைதாம், ஆனால் அளந்து பார்த்து எடுக்கப்பட்டவை.

என்ஃபீல்டு என்றதும் நம் பகுதி நண்பர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். ஒரகடத்தில் 2013 முதலும், வல்லம் வடகாலில் 2017 முதலும் மோட்டார் சைக்கிள் செய்யும் ராயல் என்ஃபீல்டுக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் பெயர்ப் பொருத்தம் தற்செயலானதல்ல. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் சைக்கிள் செய்த அந்நிறுவனம், என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்துத்தான் அப்பெயரைப் பெற்றது. 'துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது' என்பதே அதன் பழைய விளம்பர வாசகம். சைக்கிள், துப்பாக்கி, மோட்டார் சைக்கிள் மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: சுழல்வது அச்சில் சுழல வேண்டும், படிவது சமமாகப் படிய வேண்டும். நாள்தோறும் ஒரகடம் சாலையில் விரையும் வண்டிகளைக் காணும்போது, என் தந்தையின் சைக்கிள் கடைச் சுண்ணாம்புக் கட்டியும் அந்த வாசகத்துக்குத் தூரத்து உறவு என்று நினைத்துக்கொள்வேன்.

இனி எங்கள் வீட்டுச் செய்தி. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை வந்தபின் எங்கள் பகுதி நெற்றிப் பொட்டு மாற்றியதுபோல் மாறியது. வயல் இருந்த இடங்களில் கூரைத் தகடுகள் எழுந்தன. என் தந்தை சைக்கிள் கடையை விட்டு லேத் வேலை கற்றார். நான் பிறந்த ஆண்டில், அம்பத்தூரில் ஒரு பட்டறை மூடியபோது, பழைய ஆறடி லேத் ஒன்றை வாங்கி வீட்டையொட்டிய கொட்டகையில் நிறுத்தினார். எனக்கும் அந்த லேத்துக்கும் ஒரே வயது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கட்டணம், பஸ் பாஸ், பதிவேடு எல்லாம் அந்த இயந்திரத்திலிருந்து உதிர்ந்த இரும்புச் சுருளிலிருந்து வந்தவை.

நான் முகாமிலிருந்து திரும்பிய அதே மாதத்தில் ஓர் இடி விழுந்தது. எங்களுக்கு மாதந்தோறும் வேலை தந்துவந்த ஒரு நிறுவனம், நூறு புஷ்களைத் திருப்பி அனுப்பியது. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் விட்டம் 4 நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வேறுபட்டது. அவர்கள் கேட்டது ஒரு நூறில் ஒரு பங்குக்குள். குறை சொல்ல வழியில்லை. எழுதிக் கொடுத்த அளவு அது.

என் தாய்மாமன் வந்து பேசினார். "மச்சான், இந்தக் கட்டையைப் பழைய இரும்புக்குப் போடுங்க. கடன் வாங்கி ஒரு சி.என்.சி. போட்டுடலாம். பையனைக் கம்பெனியில காண்ட்ராக்ட்ல சேர்த்துவிட்டா தவணை கட்டிடலாம். பட்டம் வாங்கி என்னா பண்ணப் போறான்?" பழைய சி.என்.சி. இயந்திரத்துக்கே எட்டு இலட்சம் விலை சொன்னார்கள். மாமா கெட்டவர் அல்லர், கணக்குத் தெரிந்தவர். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. நான் என் பங்குக்கு, "சேர்ந்துவிடுகிறேன் அப்பா" என்றேன். அப்படிச் சொன்னதில் தியாகம் ஒன்றும் இல்லை. முதல் பருவத்தேர்வில் இரண்டு தாள்களில் தவறியிருந்தேன். தப்பிக்க ஒரு வழி கிடைத்ததே என்ற எண்ணமே மிகுதி. இதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

தந்தை இரு பக்கமும் பேசவில்லை. "முதல்ல எங்க கோணல்னு பார்ப்போம்" என்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அளந்தோம். நான் குறிப்பெடுத்தேன். நேரான ஒரு சோதனைக் கம்பியைப் பிடித்து, டயல் கேஜை அதன் நெடுக ஓட்டினோம். சக் சுழலும் தலைப்பகுதியில் முள் ஏறக்குறைய அசையவே இல்லை. அது நன்றாக இருந்தது. பெட்டில்தான் தேய்வு. அதுவும் சக்குக்கு அருகிலுள்ள ஒன்றரை அடியில். குட்டையான வேலைகளே இருபது ஆண்டுகளாக வந்ததால் சாடில் அந்த இடத்திலேயே ஓடி ஓடித் தேய்த்திருந்தது. கடைசிப் பகுதி புதியது போலவே இருந்தது.

நோய் தெரிந்துவிட்டது. பெட்டைக் கழற்றி அம்பத்தூரில் சாணை பிடிக்க அனுப்பினோம். பெட் தாழ்ந்ததால் சாடிலும் தாழ்ந்தது. அதற்கு அடியில் பட்டை ஒட்டி உயர்த்த வேண்டியிருந்தது. பிறகு நீல மை தடவி, சாடிலை ஓட்டி, மை பட்ட மேட்டை மட்டும் சுரண்டுகோலால் சுரண்டி, மறுபடி மை தடவி, மறுபடி சுரண்டி, நாற்பது நாள் சென்றது. ஓய்வுபெற்ற ஒரு பிட்டர் பெரியவர் கூட இருந்து கற்றுக் கொடுத்தார். மொத்தச் செலவு நாற்பத்தையாயிரம். கல்லூரி விட்டு வந்ததும் நானும் சுரண்டினேன். கோட்டம் எடுப்பதென்றால் இல்லாததைச் சேர்ப்பது என்று எண்ணியிருந்தேன். மேட்டை மட்டும் எடுத்து, பள்ளத்தைத் தொடாமல் விடுவதே அதன் நுட்பம் என்று என் முழங்கை வலி கற்பித்தது.

முடிவு என்ன? 4 நூறில் ஒரு பங்காக இருந்த பிசகு ஒன்றரையாகக் குறைந்தது. நிறுவனம் கேட்டது ஒன்று. அரை மிஞ்சியது! அந்த வேலை எங்களுக்குத் திரும்பி வரவே இல்லை. அன்று மாலை தந்தை லேத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்ல லேத் ஆயிடுச்சுடா. ஆனா சி.என்.சி. ஆகாது. அது வேற." அவர் குரலில் வருத்தம் இருந்தது, ஏமாற்றம் இல்லை. இப்போது ஜே.சி.பி. ஊசிகள், டிராக்டர் ஷாஃப்ட், ஆலைகளின் பழுதுவேலை என்று எடுக்கிறார். வருமானம் முன்பைவிடக் குறைவு, கடன் இல்லை. நான் கல்லூரியில் இருக்கிறேன்.

ஆகவே சீராக்குவதே எப்போதும் சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். துப்பாக்கிக் கதையும் அதைத்தான் சொல்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் துப்பாக்கி மூன்று நிலைப் போட்டியில் நம் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். அப்போட்டியில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. அந்த மேடைக்குப் போகிறவர், போட்டிக்கென்றே செய்யப்பட்ட துப்பாக்கியைத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். நூறில் ஒரு பங்கு கேட்கும் இடத்துக்கு ஒன்றரைப் பங்கு போதாது. ஆனால் எந்த மேடைக்குப் போகிறோம், நம் பிசகு எங்கே இருக்கிறது என்று அளக்காமல், விலையுயர்ந்ததை வாங்கினால் மட்டும் குறி கூடிவிடுமா?

என் கணக்கைச் செய்து பார்த்தேன். துப்பாக்கியின் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25 கெஜம் என்பது 22.86 மீட்டர். முன் குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், ஒத்த முக்கோண விதிப்படி, அட்டையில் 38 மில்லிமீட்டர் விலகும். என் மூச்சு ஒன்றுக்கே முன் குறி அதற்குமேல் ஏறி இறங்கியது! விசையை அழுத்தாமல் வெடுக்கென்று இழுத்ததும் சேர்ந்தால் ஒரு சாண் சிதறாமல் என்ன செய்யும்? இரும்பில் இருந்திருக்கக்கூடிய பிசகு என் தோளில் இருந்ததன் முன்னே கடுகளவு.

முதலாண்டு ஆய்வகத்தில் நாம் எல்லோரும் திருகு அளவியைப் பிடித்தோம். முதலில் என்ன செய்யச் சொன்னார்கள்? சுழிப்பிழை பார்க்கச் சொன்னார்கள். சுழிப்பிழை இருக்கிறது என்பதற்காகக் கருவியைத் தூக்கி எறிவதில்லை. பிழையைக் குறித்துக்கொண்டு ஒவ்வோர் அளவிலும் கூட்டியோ கழித்தோ திருத்திக்கொள்கிறோம். புரியே தேய்ந்து ஆடினால், அப்போது வேறு கருவி கேட்கிறோம். நிலையான பிழை திருத்தத்துக்கு உட்படும். நிலையில்லாத பிழைதான் ஆளை அலைக்கழிக்கும். இந்த வேறுபாடு, மதிப்பெண்ணுக்காகப் படித்தபோது விளங்காமல், எங்கள் கொட்டகையில் விளங்கியது.

அதையே என் தவறிய தாள்களுக்கும் பொருத்திப் பார்த்தேன். என்னோடு பள்ளியில் படித்த நண்பன் பெருந்தொகை கட்டித் தனிப்பயிற்சியில் சேர்ந்து வேறு கல்லூரிக்குப் போனான். அவன் தனியே செய்யப்பட்டவன், நாம் மந்தையில் செய்யப்பட்டவர்கள் என்ற தாழ்வு எனக்குள் இருந்தது. ஒருநாள் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கணக்கு நோட்டில் செய்து பார்த்தேன். வினாவைத் தமிழில் எழுதிக்கொண்டால் பத்தில் ஏழு செய்ய முடிந்தது. ஆங்கிலத்தில் வினா என்ன கேட்கிறது என்பதே விளங்காமல் தவறியிருக்கிறேன். கணக்கில் இருந்த கோட்டம் சிறிது. மொழியில் இருந்தது பெரிது. நம் துறை விரிவுரையாளர் ஒருவர், வினாக்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை நாளுக்குப் பத்தாக எழுதிப் பழகச் சொன்னார். நீல மை தடவிச் சுரண்டியது போலத்தான் அதுவும். கணிதத் தாளில் 46 பெற்றுத் தேறினேன். ஆங்கிலத் தாள் இன்னும் பாக்கி. மறைக்கவில்லை, சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆண்டு முகாமில் மறுபடியும் சுட்டோம். எனக்கு வந்தது அதே துப்பாக்கி. கட்டையின் இடப்புறக் கீறலால் அடையாளம் கண்டேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். விசையை, தந்தை டயல் கேஜைத் தொடுவது போலத் தொட்டேன். அட்டை வந்தது. ஐந்து துளைகளும் இருந்தன. என் உள்ளங்கையால் மறைக்கலாம். தீப்பெட்டியால் மறைக்க முடியாது. அந்த மாணவியிடம் நான் இன்னும் கற்க வேண்டியவன்தான். ஹவில்தார் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தோட்டம் போய்ப் பூந்தொட்டி ஆயிற்று" என்றார்.

வீட்டில் அட்டையைத் தந்தையிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெர்னியரை எடுத்து, ஒரு கோடித் துளையிலிருந்து மறு கோடித் துளை வரை அளந்தார். எத்தனை மில்லிமீட்டர் என்று கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டார்.

"அடுத்த வருஷம் இதுக்குக் கீழ எழுதணும்" என்றார்.